எலும்பைத் திரையில் சுழற்றும் முன்

இதயத்தின் வலது கீழறை எங்கே இருக்கிறது என்று முதலாண்டு மருத்துவ மாணவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தன் நெஞ்சின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார். அந்த அறை இருப்பது முன்பக்கம், மார்பெலும்புக்குப் பின்னால். நெஞ்சில் கத்திக்குத்துப் பட்டு வருகிறவர்களுக்கு இதயத்தில் அதிகம் காயப்படும் அறையும் அதுதான். இடது மேலறையோ முதுகுப் பக்கம், உணவுக்குழாயை ஒட்டிக் கிடக்கிறது. உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி எக்கோ எடுக்கும்போது அது அத்தனை தெளிவாகத் தெரிவது இந்த நெருக்கத்தால்தான். புத்தகத்தின் தட்டையான படத்தில் நான்கு அறைகளையும் பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்து வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டவருக்கு, நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கும் நாள் வரை இதயம் நாலு கட்டம் போட்ட சதுரமாகவே இருக்கும்.

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அனாட்டமி, அதாவது உடற்கூறியல், எடுக்கிறேன். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து நிறைய பேர் வருகிறார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுடைய நினைவாற்றல் என்னை இன்றும் அசர வைக்கிறது. அக்குள் வழியே போகும் ஆக்சிலரி தமனியின் கிளைகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த கையோடு அவர்களில் சிலர் கண் கலங்கி வந்து நிற்பார்கள். "எல்லாம் படிச்சுட்டுத்தான் மேடம் போனேன். ஸ்பாட்டர்ஸ்ல எலும்பத் திருப்பி வச்சிருந்தாங்க. எது மேல, எது கீழன்னே தெரியல." (ஸ்பாட்டர்ஸ் என்பது மேசையில் வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்லும் செய்முறைத் தேர்வு.)

இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் நான் எழுத வந்தது இருக்கிறது. பெயர் தெரிவது வேறு திறமை, இடம் தெரிவது வேறு திறமை. ஒரு பொருளை மனதுக்குள் நிறுத்தி, திருப்பி, வெட்டிப் பார்க்கும் ஆற்றலை நம் பள்ளிக்கூடங்கள் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. நீட் தேர்வும் அதை நேரடியாகக் கேட்பதில்லை. மருத்துவக் கல்லூரியில் முதல் வாரமே அது இருப்பதாக வைத்துக்கொண்டு பாடம் தொடங்கிவிடுகிறது.

எங்கள் துறைக்கு, உடலை வெட்டிப் படிப்பதைத் திரையிலேயே செய்ய உதவும் மெய்நிகர் டிசெக்‌ஷன் மேசை வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஆள் உயரத் தொடுதிரை. விரலால் தோலை நீக்கலாம், தசையை உரிக்கலாம், எந்தப் பக்கமும் சுழற்றலாம். கூடவே டேப்லெட்டுகளில் முப்பரிமாண மென்பொருள். இனி யாருக்கும் திசை குழம்பாது என்று பேசிக்கொண்டோம். சில மாணவர்களுக்கு நிஜமாகவே கதவு திறந்தது போல் ஆயிற்று. ஆனால் எந்தப் பிள்ளைகளை நினைத்து நாங்கள் அதிகம் மகிழ்ந்தோமோ, அவர்களில் பலர் அந்தத் திரை முன்னாலும் அதே இடத்தில்தான் நின்றார்கள். சிலர் இன்னும் கொஞ்சம் குழம்பினார்கள்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன். மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் வரிசை மாறாமல் சொல்வான்: ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரல், பிசிஃபார்ம், ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேப்பிடேட், ஹேமேட். டேப்லெட்டில் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். விரல் நிற்கவே இல்லை. "ஏப்பா, கட்டை விரல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். திரையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "சுத்தச் சுத்த எல்லாம் ஒரே மாதிரிக் கூழாங்கல்லா தெரியுது மேடம்" என்றான்.

அவன் பார்வை போன வழியைக் கவனித்தபோது விஷயம் பிடிபட்டது. திரையில் இருந்தது வலது கை, உள்ளங்கை முன்னோக்கி, விரல்கள் கீழே தொங்கியபடி. அனாட்டமியில் உடம்பு நிற்கும் நிலை அதுதான். அந்தப் படத்தில் கட்டை விரல் பார்ப்பவரின் இடப்பக்கம் வரும். அவன் சரிபார்க்கத் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கினான், விரல்கள் மேலே பார்க்க. அப்படிப் பிடித்தால் கட்டை விரல் வலப்பக்கம் வரும். திரைக்கும் கைக்கும் நடுவே 180 டிகிரி வித்தியாசம். அந்த அரைச் சுற்றை மனதுக்குள் செய்ய அவனால் முடியவில்லை. செய்ய வேண்டும் என்றும் யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. மாடலை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, டேப்லெட்டையே தலைகீழாக மேசையில் வைக்கச் சொன்னேன். இப்போது திரையிலும் விரல்கள் மேலே, கையிலும் விரல்கள் மேலே. கட்டை விரல் இரண்டிலும் ஒரே பக்கம். உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம் உருண்டையாகத் தட்டுப்படுகிறதே, அதைத் தொடச் சொன்னேன். "அதுதான் பிசிஃபார்ம். திரைல எங்க இருக்கு, காட்டு." காட்டினான். "இப்பத் திருப்பாத. புறங்கைப் பக்கம் திருப்பினா எது மறையும்? மொதல்ல சொல்லு, அப்புறம் திருப்பு." வெகு நேரம் யோசித்தான். பிசிஃபார்ம் ட்ரைக்வெட்ரலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் அது மறையும் என்றான். திருப்பினான், மறைந்தது. அன்றைக்கு அவன் முகத்தில் நான் கண்ட நிம்மதி, அதன் பிறகு நான் வகுப்பெடுக்கும் முறையையே மாற்றியது.

இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 1971-இல் உளவியலாளர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் கனசதுரங்களை அடுக்கிச் செய்த உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். ஓர் உருவம் மற்றதிலிருந்து எவ்வளவு டிகிரி திரும்பியிருந்ததோ, விடை சொல்ல அதற்கேற்ற நேரம் பிடித்தது; ஏறக்குறைய 60 டிகிரிக்கு ஒரு நொடி. கையால் ஒரு பொருளைத் திருப்பினால் எப்படி நேரம் ஆகுமோ, மனமும் அப்படியே திருப்பிப் பார்க்கிறது. 1978-இல் வாண்டன்பெர்க், கியூஸ் இருவரும் இதே உருவங்களைக் கொண்டு காகிதத்தில் எழுதும் தேர்வு ஒன்றை அமைத்தார்கள். இடஞ்சார் திறனை, அதாவது மனக்கண்ணில் பொருளைத் திருப்பும் ஆற்றலை அளக்க இன்றும் அந்தத் தேர்வைத்தான் பலரும் எடுக்கிறார்கள். அதில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் அனாட்டமி செய்முறைத் தேர்விலும் முன்னால் நிற்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் வகுப்புக்கு நேராகப் பேசியவை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அமித் கார்க், ஜெஃப்ரி நார்மன் குழுவினர் 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் செய்த ஆய்வுகள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் மணிக்கட்டு எலும்புகளைத்தான். ஒரு குழுவுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று முக்கியக் கோணங்களை மட்டும் காட்டினார்கள். மற்றொரு குழுவுக்குப் பல கோணங்களில் சுழலும் மாடல். பல கோணங்கள் பெரிதாக ஒன்றும் கூட்டிக் கொடுக்கவில்லை. இடஞ்சார் திறன் குறைந்தவர்களுக்கோ அது இடைஞ்சலாகவே ஆனது. சுழற்சியை மாணவர் கையிலேயே கொடுத்தபோது பலன் தெரிந்தது, ஆனால் அப்போதும் அவர்கள் முக்கியக் கோணங்களைச் சுற்றியே அதிக நேரம் செலவிட்டார்கள். 2007-இல் மூளையின் மாடலை வைத்துச் செய்த ஆய்விலும் முக்கியக் கோணங்களை மட்டும் பார்த்தவர்களே முந்தினார்கள்.

மதுரைக்குப் புதிதாக வந்தவரை ஆட்டோவில் ஏற்றி மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வளைத்து வளைத்துக் கூட்டிப் போனால், இறங்கும்போது தான் எந்தக் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெற்குக் கோபுரத்தின் முன்னால் நின்று நிதானமாக ஊரைப் புரிந்துகொண்டு, பிறகு கிழக்கே நடந்தவர் தொலைய மாட்டார். சுழலும் மாடலும் அப்படித்தான். எங்கேயாவது ஓர் இடத்தில் காலை ஊன்றி நிற்க வேண்டும்.

அதனால் இப்போது என் வகுப்பில் திரை முதலில் வராது. முதலில் வருவது கையில் பிடிக்கும் எலும்பு. பிளாஸ்டிக் எலும்பானாலும் பரவாயில்லை. ஃபிபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு, வலமா இடமா என்று பக்கம் சொல்ல எல்லோரும் பயப்படும் எலும்பு. நான் மூன்றே கேள்விகள் கேட்பேன். எந்த முனை கீழே? தட்டையாக, கூர்மையாக முடிகிறதே, கணுக்காலின் வெளிப்புடைப்பு, அது கீழே. வழவழப்பான மூட்டு முகம் எங்கே பார்க்கிறது? உள்பக்கம். அதற்குப் பின்னால் கட்டை விரல் நுனி படிகிற ஒரு குழி இருக்கிறதே, அது எங்கே? பின்பக்கம், அதாவது பிடித்திருக்கும் உன்னை நோக்கி. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எலும்புக்கு வேறு வழியே இல்லை, அது ஒரே ஒரு விதமாகத்தான் கையில் நிற்கும். இப்போது மூட்டு முகம் உன் இடப்பக்கம் பார்த்தால் எலும்பு வலது காலுடையது. பிறகு அதை உன் காலோடு ஒட்டி வைத்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு குழியைத் தடவு. விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்கு.

கையில் பிடிக்கும் மாடலுக்கு இவ்வளவு பலம் ஏன் என்பதையும் அதே மெக்மாஸ்டரில் புரூஸ் வெயின்மன் குழுவினர் தேடிப் பார்த்தார்கள். இடுப்பெலும்பை நிஜ மாடலில் படித்தவர்கள், திரையில் படித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் நிஜ மாடலைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மறைத்துவிட்டால் அந்த மேன்மை பெருமளவு போய்விட்டது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கிறதே, அந்த உதவி தட்டையான திரையில் கிடைப்பதில்லை. இது தெரிந்த பிறகு, 'முப்பரிமாணம்' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. திரையில் ஆழம் என்பது நிழலாலும் அசைவாலும் ஊகிக்கப்படுவது. ஊகிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்; கற்றுக்கொண்டிருப்பவருக்கு முதலில் நிஜப் பொருள் வேண்டும்.

எலும்பு கைக்குப் பழகிய பிறகு திரைக்குப் போகிறோம். முன், பின், இரு பக்கங்கள் என்று நான்கு நிலைகள் மட்டும். அநேகமாக எல்லா மென்பொருளிலும் இந்த நிலைகளுக்கு நேரடியாகத் தாவ ஒரு பொத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஒரு நிலையில் நின்று, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கலாம். எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது என்பதை அந்தச் சின்ன அசைவே காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். முழுச் சுற்றுக்கு அனுமதி கடைசியில்தான், அதுவும் "அடுத்து என்ன தெரியும்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு. இந்த வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. சொல்லாமல் திருப்பினால் விரல்தான் வேலை செய்கிறது, மனம் வேடிக்கை பார்க்கிறது.

குழுவாகப் பார்க்கும்போது இன்னொரு பழக்கம். மேசையைச் சுற்றி நிறைய பேர் நின்றால் ஒருவர் சுழற்றுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒட்டுவது கொஞ்சம்தான். நாலைந்து பேராகப் பிரித்து, ஒருவரைத் திரைக்கு முதுகு காட்டி நிறுத்துகிறேன். அவர்தான் கட்டளை இடுவார்: "இடது பக்கத்துலேர்ந்து பாரு, வயிறு முன்னால இருக்கா, மண்ணீரல் பின்னால தெரியுதா?" திரையைத் தொடுகிறவர் அவர் சொன்னதை மட்டும் செய்வார். முதுகு காட்டி நிற்கிறவருக்குப் படமே கிடையாது, எல்லாம் மனதுக்குள். ஆரம்பத்தில் கூச்சப்படுவார்கள். பழகிவிட்டால் விடுதி வராந்தாவில், டேப்லெட் இல்லாமலே இதை விளையாடுகிறார்கள்.

அடுத்தது களிமண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குச் செலவு மிகக் குறைவு. கொலு பொம்மைகளுக்குப் பேர்போன விளாச்சேரி எங்களுக்குப் பக்கம். அங்கே ஓர் அம்மாவிடம் பதமாகப் பிசைந்த களிமண் வாங்கி வருகிறேன். "ஈரத்துணி போட்டு மூடி வைங்கம்மா, காத்துப் பட்டா வெடிச்சுப் போகும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் கொடுப்பார். அந்த மண்ணில் மேற்கையைச் செய்கிறோம். நடுவில் எலும்புக்கு வெள்ளை வண்ணக் களிமண் உருளை. உள்பக்கம் பிரேக்கியல் தமனிக்குச் சிவப்புத் திரி, அதன் பக்கத்தில் மீடியன் நரம்புக்கு ஒரு மஞ்சள் திரி, சற்றுப் பின்னால் அல்நார் நரம்புக்கு இன்னொன்று. ரேடியல் நரம்புக்கான மஞ்சள் திரியை எலும்பின் பின்பக்கமாகச் சாய்த்துச் சுற்றி இறக்க வேண்டும். மேலே தசையாக விளாச்சேரி மண்ணை அப்பிவிடுகிறோம்.

இப்போது நடுவில் வெட்டப்போகிறோம். வெட்டும் முன், வெட்டு முகத்தில் என்ன தெரியும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் வரைய வேண்டும். பிறகு ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் குறுக்கே வெட்டுகிறோம். மேல் துண்டை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். சிடி ஸ்கேன் படமும் இப்படித்தான், கால் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவது. அதனால்தான் நோயாளியின் வலப்பக்கம் படத்தில் இடப்பக்கம் வருகிறது, கல்லீரல் திரையின் இடப்பக்கம் நிறைந்து கிடக்கிறது. இதை விதியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் தேர்வுப் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். மண் துண்டைக் கையில் திருப்பிப் பார்த்தவர்கள் மாற்றிச் சொல்வதில்லை. ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டிப் பின்னால் போவதைத் தன் கையாலேயே சுற்றியவருக்கு, பைக்கிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு நடுவில் முறிந்து வருகிறவரின் மணிக்கட்டு ஏன் தொங்கிப் போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸுக்கு மண் வேண்டாம், உல்லன் நூல் போதும். ஐந்து வேர்களுக்கு ஐந்து நிறம். மேல் இரண்டும் சேரட்டும், நடுவிலுள்ளது தனியாக வரட்டும், கீழ் இரண்டும் சேரட்டும். பிறகு மூன்றையும் முன்னும் பின்னுமாகப் பிரித்து, பின்னால் வந்த மூன்றையும் ஒரே கயிறாகக் கட்ட வேண்டும். காகிதத்தில் இந்தப் 'பின்னால்' தெரியாது. விடுதிக் கட்டில் கம்பியில் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிலர் கேட்கிறார்கள்: இடஞ்சார் திறன் பிறவியிலேயே வருவதுதானே, இல்லாதவருக்கு என்ன செய்ய முடியும்? இந்த எண்ணத்தை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். 2013-இல் டேவிட் உட்டல் குழுவினர் 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் இந்தத் திறன் வளர்கிறது, வளர்ந்தது நிலைக்கிறது, பயிற்சி கொடுக்காத வேறு இடவேலைகளுக்கும் பரவுகிறது என்பது அவர்கள் கண்டது. மனச்சுழற்சித் தேர்வுகளில் ஆண்களின் சராசரி பெண்களுடையதைவிட அதிகமாக வருவது உண்மை. அது சராசரி. என் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. "உனக்கு மேக்ஸும் வராது, டயகிராமும் வராது, நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ" என்று எங்கேயோ யாரோ சொல்லி அனுப்பிய பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவர்களைத் தடுக்கிற அளவுக்கு அவர்களுடைய மூளை ஒருபோதும் தடுத்ததில்லை. அதனால்தான் வகுப்பில் மனச்சுழற்சித் தேர்வு வைத்து மாணவர்களைப் பிரிக்கும் யோசனைக்கு நான் இடம் கொடுப்பதில்லை. தேர்வு வைப்பதென்றால் ஆசிரியர் தன் பாடத்தைத் திருத்திக்கொள்ள வைக்கட்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குழப்பம் திசையிலா, மொழியிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். "மீடியல் சைடு காட்டு" என்றால் திணறுகிற பிள்ளை, "நடுக்கோட்டுப் பக்கம் எது?" என்றால் சட்டென்று காட்டிவிடும். முதல் இரண்டு வாரம் திசைகளை உடம்பைத் தொட்டே பழக்கிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

மெய்நிகர் மாடல்களைக் கழித்துக் கட்டுவது என் நோக்கமே இல்லை. அவை எங்கிருந்து வந்தன என்பதே ஒரு பெரிய கதை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் ஓர் ஆணின் உடலையும் 1995-இல் ஒரு பெண்ணின் உடலையும் மெல்லிய படலங்களாகப் படமெடுத்து வெளியிட்டது. ஆணுடையது ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 படலங்கள். பெண்ணுடையது அதைவிட மும்மடங்கு நுணுக்கம். கணினிக்குள் மனித உடல் வந்து சேர்ந்த வழிகளில் இது முக்கியமானது. இன்று 'இசட்-அனாட்டமி' என்ற மென்பொருள் இலவசம். ஜப்பானில் உருவாக்கிய உடலுறுப்பு மாடல்களை அடிப்படையாகக் கொண்டு திறந்த மூலமாகச் செய்யப்பட்டது. சந்தா கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பழைய லேப்டாப்பில் மெதுவாக ஓடினால் முழு உடலையும் ஏற்றாமல் வேண்டிய பகுதியை மட்டும் காட்ட வைத்துப் பாருங்கள்.

ஆனால் திரையில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். டிசெக்‌ஷன் ஹாலில் பதப்படுத்திய உடலில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிறம். அங்கே விரலைத்தான் நம்ப வேண்டும்: தமனியின் சுவர் தடிப்பாக, அழுத்தினால் மீண்டு வருவதாக இருக்கும், சிரை தட்டையாகப் படிந்துவிடும், நரம்பு கெட்டிக் கயிறாக உருளும். கொழுப்பும் இணைப்புத் திசுவும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். மாடலில் சிறுநீரகத்துக்கு ஒரு தமனி போகும். நிஜ உடலில் இரண்டு போவதும் சாதாரணம். தன் உடலைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதர் முன்னால் நாங்கள் முதல் நாள் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்கிறோம். அவர் கற்றுத் தருவதை எந்தத் திரையும் மாற்றீடு செய்யாது. திரை செய்யக்கூடியது, அவரிடம் போகும் முன் நம்மைத் தயார்ப்படுத்துவது; போய்வந்த பிறகு, வெட்டியதைப் பழையபடி ஒட்டிப் பார்க்க விடுவது. ஒருமுறை வெட்டிய தசையை ஹாலில் மீண்டும் பார்க்க முடியாது, திரையில் எத்தனை முறையும் பார்க்கலாம்.

இன்னும் சில இடங்களில் திரைக்கு நிகரே இல்லை. உள்காதின் வளைகுழாய்கள், மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளான வெண்ட்ரிக்கிள்கள், முகத்தின் ஆழத்தில் இருக்கும் டெரிகோபாலட்டைன் குழி. கையும் கத்தியும் சரியாகப் போய்ச் சேராத இடங்கள் இவை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவியல். அங்கே உருவம் காலத்தோடு சேர்ந்து திரும்புகிறது. எந்த எலும்புப் பெட்டியிலும் அதற்கு மாடல் கிடைக்காது.

கருவின் நடுக்குடல் ஆறாவது வாரம் தொப்புள்கொடிக்குள் இறங்கி, அங்கே 90 டிகிரி திரும்பி, பத்தாவது வாரம் வயிற்றுக்குள் திரும்பி வரும்போது இன்னும் 180 டிகிரி திரும்புகிறது. மொத்தம் 270 டிகிரி, குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் சுப்பீரியர் மெசன்டரிக் தமனியை அச்சாக வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். அதனால்தான் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வலது கீழ்ப்பக்கம் வந்து உட்காருகிறது, சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் தமனிக்குப் பின்னால் போகிறது. இங்கே பிள்ளைகள் தடுமாறும் காரணம் ஒன்றே: கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்பது கருவை முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு. தன் வயிற்றையே குனிந்து பார்த்து யோசிக்கிறவருக்கு அது நேர்மாறாகத் தோன்றும். இந்த முறை எங்கள் வகுப்பில் அசைபடத்தைப் போடும் முன், இரண்டு பேராக நிற்கச் சொல்லப் போகிறேன். ஒருவர் வயிற்றுக்கு முன்னால் துப்பட்டாவையோ துண்டையோ வளையமாகப் பிடித்துக்கொள்ள, எதிரே நிற்பவர் அதைத் திருப்பப் போகிறார். பிறகு இருவரும் இடம் மாற வேண்டும். அதற்கப்புறம்தான் திரை.